பழைய வீடும் குழாய் நீரும்



தமிழிலே ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாய் நின்று நம்மைச் சற்றே மயங்கவைக்கின்றது. பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்திற் பூசப்படும் வெண்ணிற உலோகம் வெள்ளீயம். மீன்வலையின் அடியிற் குண்டாகத் தொங்குவது காரீயம். பென்சிலின் நடுவேயுள்ள கருங்குச்சியையும் காரீயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது ஒருவகைக் கரியேயன்றி உலோகமே அன்று. வெள்ளீயம் உணவோடு பழகினால் தீங்கு பெரிதாக இல்லை. காரீயமோ நஞ்சு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் விலை மலிவு கருதி முன்னதிலே பின்னதைக் கலந்துவிட்டால், பாத்திரம் பளபளக்கும். புளிக்குழம்பு மெல்ல மெல்ல நஞ்சாகும். பெயர் ஒன்றாயிருத்தலால் வரும் கேடு இது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது காரீயத்தைப் பற்றி. சுருக்கம் கருதி இனி அதனை ஈயம் என்றே சொல்வேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலே மிச்சிகன் என்னும் மாநிலம் உண்டு. கடலோ என்று மயங்கத்தக்க பெரிய நன்னீர் ஏரிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய மிச்சிகன் ஏரியின் கரையிலே பென்ரன் ஹாபர் என்றொரு சிறு நகரம். 2020 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அங்கே வாழ்ந்தோர் 9,000 பேருக்குச் சற்று மேல். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், வறியோர் பலர். 1960 ஆம் ஆண்டில் இதே ஊரில் 19,000 பேர் வாழ்ந்தார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன; வேலை தேடிச் சனங்கள் வெளியேறினர்; வீடுகளும் குழாய்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரட்டிப்புச் சனத்தொகைக்கென அமைத்த குழாய்களைப் பாதிச் சனங்கள் பணம் கட்டிப் பேணவேண்டிய நிலை வந்தது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வந்த இன்னலிற் பாதிக்குமேல் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது என்பது என் எண்ணம்.

ஏரியில் எடுக்கும் நீரில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போதும் இல்லை. வீதியின் அடியிற் செல்லும் பிரதான குழாய் இரும்பினால் ஆனது, அங்கும் இல்லை. அந்தப் பிரதான குழாயிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரியும் கிளைக்குழாய் இருக்கின்றதே, முற்றத்தின் அடியாலே சென்று சுவரைத் துளைத்து வீட்டினுள் நுழையும் அந்தச் சில பாகக் குழாய், அதுவே ஈயத்தாலானது. ஆகவே நீர் கெடுவது தன் நெடும்பயணத்தின் கடைசி நாற்பது ஐம்பது அடிகளிலே. நகரசபையின் சோதனைக் கூடத்திலே தூய்மையாயிருந்த நீர் உங்கள் குவளையிலே தூய்மையாயிராது. பக்கத்து வீட்டில் நல்ல நீரும் உங்கள் வீட்டில் நஞ்சும் வருதல் கூடும். காலையில் நச்சாயிருந்த நீர் நண்பகலில் நல்லதாகவும் கூடும். கொலறா, வயிற்றோட்டம் முதலிய நோய்களின் கிருமிகளை ஊற்றிலே தேடிப் பழகிய சுகாதார உத்தியோகத்தர்களுக்கு இது புதுவிதமான பகை. ஊற்றிலே தேடினால் அகப்படாது.

ஈயத்தைக் குழாயாக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படித்தான் மனிதனுக்கு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அது மிகப் பழைய எண்ணம். உரோமர்கள் ஈயத் தகட்டை வளைத்துக் குழாய் செய்தார்கள். இலத்தீன் மொழியில் ஈயத்துக்குப் பிளம்பம் என்று பெயர். குழாய் வேலை செய்பவரை ஆங்கிலத்தில் பிளம்பர் என்று அழைப்பது அந்த வேரிலிருந்தே. ஆயினும் அக்காலத்துக் கட்டடக்கலை அறிஞராகிய விற்றூவியசு என்பவர், ஈயம் உருக்கும் தொழிலாளரின் முகம் வெளிறிப்போயிருத்தலைச் சுட்டிக்காட்டி, மண்குழாயே உடலுக்கு நல்லது என்று எழுதிவைத்துச் சென்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சொல்லிய சொல் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்கள் குழாய் நீர் ஏற்பாடுகளை அமைத்தபோது அந்தச் சொல் யார் காதிலும் ஏறவில்லை. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். வளைக்க முயன்றால் வெடிக்கும். ஈயமோ மெழுகுபோல வளையும். நிலம் சற்று இறங்கினால் தானும் இறங்கிக் கொடுக்கும். நூறு ஆண்டுகள் நிற்கும். குழாய் பொருத்துநருக்கு இதைவிட உகந்த பொருள் வேறில்லை. அந்நூற்றாண்டின் இறுதியிலேயே மசச்சூசெற்சு மாநிலத்திலே ஈயக் குழாயால் நோயுற்றோரைப் பற்றி மருத்துவர் எழுதத் தொடங்கிவிட்டனர். ஆனால் 1928 ஆம் ஆண்டிலே ஈயத் தொழிலதிபர்கள் ஒரு சங்கம் அமைத்து, நகரசபைகளையும் குழாய் பொருத்துநரையும் அணுகி, ஈயக் குழாயின் பெருமையைப் பல்லாண்டுகளாகப் பரப்பினார்கள். சிக்காகோ நகரத்திலே வீட்டுக் கிளைக்குழாய் ஈயத்தாலேயே இருத்தல் வேண்டும் என்று சட்டமே இருந்தது. 1986 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் தடை வரும்வரை அது நீடித்தது. அதனாலேதான் இன்று அந்நாட்டிலே மிகுதியான ஈயக் கிளைக்குழாய்களை உடைய நகரம் சிக்காகோவாக உள்ளது. ஏறக்குறைய நான்கு இலட்சம். நாடு முழுவதிலும் ஏறக்குறைய 90 இலட்சம் என்று அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் 2023 இல் மதிப்பிட்டது.

அப்படியானால் அத்தனை இலட்சம் வீட்டினரும் ஏன் நஞ்சுண்டு மடியவில்லை? இங்கேதான் சிறிது இரசாயனம் பேசவேண்டியிருக்கின்றது.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. சுண்ணக்கல் நிலத்து நீர் வன்னீர். கேத்தலின் உள்ளே வெள்ளைப் படையாக அது ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள்ளும் அவ்வாறே காலப்போக்கில் ஒரு படை உண்டாகின்றது. ஈயக் குழாயானால், நீரிலுள்ள காபனேற்று முதலியவற்றோடு ஈயம் கூடிக் கரைதற்கரிய ஒரு படையாக உட்சுவரில் அமையும். நீருக்கும் உலோகத்துக்கும் இடையே அது திரைபோல நிற்கின்றது. அந்தத் திரை நன்றாயிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. நீர் மென்னீராக இருந்தாலோ, புளிப்புத்தன்மை மிகுந்தாலோ திரை நன்றாக அமைவதில்லை. ஆகையால் நீர் வழங்குவோர் பொசுபேற்று என்னும் உப்பைச் சிறிதளவு நீரிற் கலக்கின்றார்கள். அது ஈயத்தோடு கூடி உறுதியான படையை உண்டாக்கும். பிரித்தானியாவிலும் இன்று பரவலாகக் கையாளும் முறை இதுவே.

ஆனால் திரை திரைதான், சுவர் அன்று. நீரின் தன்மை மாறினால் திரை கிழியும். வாஷிங்ரன் நகரத்திலே 2000 ஆம் ஆண்டின் இறுதியில், கிருமி கொல்லுவதற்குக் குளோரீனுக்குப் பதிலாகக் குளோரமீன் என்னும் வேறொரு மருந்தைக் கலக்கத் தொடங்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றமே அது. குளோரீன் நீரிலே பல்லாண்டுகளாக அமைந்திருந்த ஈயப்படை, குளோரமீன் நீரிலே நிலைகொள்ளாமற் கரைந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஈயம் ஏறியது. 2004 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்திரிகையில் வந்தபின்னரே ஊரார் அதை அறிந்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரத்துக் கதை உலகறிந்தது. பணம் மிச்சம் பிடித்தல் கருதி 2014 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், டெற்றோயிற்று நகரத்திலிருந்து வாங்கிய ஏரி நீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்று நீரை வழங்கத் தொடங்கினார்கள். ஆற்று நீர் உலோகத்தை அரிக்கும் தன்மை மிகுந்தது. பொசுபேற்றையும் கலக்கவில்லை. அதே ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், அவ்வூரிலுள்ள மோட்டார் இயந்திரத் தொழிற்சாலை ஒன்று, இந்த நீர் எங்கள் இயந்திரப் பாகங்களை அரிக்கின்றது என்று சொல்லி வேறிடத்து நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். 2015 ஆம் ஆண்டிலே குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அத்திசா என்பவர், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த குழந்தைகளின் இரத்தச் சோதனைகளை ஒப்பிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஈயம் மிகுந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 2.4 இலிருந்து 4.9 ஆக ஏறியிருந்தது. முதலில் அவரைப் பழித்த அதிகாரிகள் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அவ்வாண்டு ஒற்றோபரில் பழைய நீர் திரும்பியது.

பென்ரன் ஹாபருக்கு வருவோம். அங்கே எவரும் நீரை மாற்றவில்லை. ஒரே ஏரி, ஒரே நிலையம். ஆகவே அங்கு நிகழ்ந்தது ஒரு விபத்தன்று, நாட்பட்ட தேய்வு. என் மனத்துக்கு பிளின்ற் கதையைவிட இதுவே அதிகம் பாடமாகப் படுகின்றது. ஏனெனில் பழைய குழாயுள்ள எந்த ஊருக்கும் இது வரக்கூடியது.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நகரத்திற் சோதித்த வீடுகளுள் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றிலே, ஓர் இலீற்றர் நீரில் 15 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் நகரசபை நடவடிக்கை எடுத்தல் வேண்டும். மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 15 என்பது உடல் தாங்கும் எல்லை என்று எண்ணிவிடக்கூடாது. அது நிருவாகத்துக்காக வகுத்த எல்லையேயன்றி மருத்துவர் வகுத்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 10 என்று ஓர் அளவைத் தந்துள்ளது. அதுவும் நடைமுறை கருதியதே. 2018 ஆம் ஆண்டிலே பென்ரன் ஹாபரின் அளவு 22 ஆக இருந்தது. நகரசபை 2019 இல் பொசுபேற்றுக் கலவை ஒன்றைக் கலக்கத் தொடங்கிற்று. ஆயினும் 2021 ஆம் ஆண்டின் முற்பாதியில் அளவு 24. ஏறக்குறைய இரண்டாண்டு மருந்திட்டும் நோய் குறையவில்லை. தேர்ந்தெடுத்த கலவையே அந்த நீருக்குப் பொருந்தாதது என்று அறிஞர் சிலர் குறைகூறினர். பொசுபேற்றுக்களிலும் இனங்கள் உண்டு. ஓரினம் படையை அமைக்கும், மற்றோரினம் ஈயத்தைத் தன்னோடு பிணைத்து நீரிலேயே மிதக்கவிடும்.

இந்த மூன்றாண்டுகளிலே ஊரார் என்ன செய்தார்கள்? எட்வேர்ட் பிங்க்னி என்னும் போதகர் தலைமையில் ஒரு நீர்ச் சங்கம் அமைத்து, போத்தல் நீரை விலைகொடுத்தும் தானமாகப் பெற்றும் வீடு வீடாக வழங்கினார்கள். 2021 செப்ரெம்பரிலே இச்சங்கமும் வேறு பல சங்கங்களும் சேர்ந்து மத்திய அரசின் சுற்றாடல் நிறுவனத்துக்கு மனுச் செய்தன. மனுச் சென்றபின்னரே சக்கரம் சுழன்றது. குடிக்கவும், சமைக்கவும், பல் துலக்கவும், குழந்தைக்குப் பால்மாக் கரைக்கவும் குழாய் நீரை எடுக்காதீர்கள் என்று ஒற்றோபரில் மாநில அரசு அறிவித்தது. ஆளுநர் கிறெச்சன் விற்மர், பதினெட்டு மாதங்களில் ஈயக் குழாய்கள் அனைத்தையும் மாற்றுமாறு பணித்தார். வீட்டுக்காரரிடம் ஒரு சதமும் அறவிடாமல், ஏறக்குறைய 4,500 கிளைக்குழாய்களைச் சோதித்து, வேண்டியவற்றைத் தோண்டி எடுத்துச் செப்புக் குழாய் பதித்தார்கள். 2022 ஆம் ஆண்டின் இறுதிக்குள் வேலை ஏறக்குறைய முற்றிலும் முடிந்தது.

மூன்றாண்டு முடியாது என்றிருந்த காரியம் ஏறக்குறைய ஓராண்டில் முடிந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். தொழில்நுட்பத்திலே புதுமை ஒன்றும் இடையில் வரவில்லை. மண்வெட்டியும் குழாயும் முன்னரும் இருந்தன. வந்தது பணமும் துணிவும்.

இனி, இந்த உலோகம் உடலிலே என்ன செய்கின்றது என்று பார்ப்போம். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பயனில்லை. செந்நிறமாக வரும் நீரைக் கண்டு மக்கள் அஞ்சுவார்கள். அது பெரும்பாலும் இரும்புத் துரு. தெளிந்த நீரிலே ஈயம் இருக்கும். உடலோ ஈயத்தைக் கல்சியம் என்று எண்ணி ஏமாறுகின்றது. எலும்பிலும் பல்லிலும் அதனைச் சேர்த்து வைக்கின்றது. இரத்தத்தில் உள்ளது சில வாரங்களிற் பாதியாகக் குறையும். எலும்பிற் புகுந்தது பல்லாண்டுகள் தங்கும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து அது மீண்டும் இரத்தத்துக்கு வந்து வயிற்றிலுள்ள சிசுவைச் சேர்வதுண்டு. தாய் சிறுமியாயிருந்தபோது குடித்த நீரின் பயனைப் பிள்ளை அனுபவிப்பது இவ்வாறு.

வளர்ந்தோரைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தைப் பன்மடங்கு உறிஞ்சுகின்றது. வளரும் மூளையை அது தாக்குகின்றது. கற்கும் ஆற்றல் குறைதல், ஒன்றிலே மனம் ஊன்றாமை, எளிதிற் சினங்கொள்ளல் என்பன அதன் அடையாளங்கள். ஆயினும் இவற்றைக் கண்டு ஈயம் என்று எவர் சொல்வார்? பிள்ளை மந்தன் என்பார்கள், குழப்படிக்காரன் என்பார்கள். வளர்ந்தோரிலே இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும். குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு இவ்வளவு என்று மருத்துவ உலகம் எதனையும் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை பால்மாவை மட்டுமே உண்டு வளரும்போது, அதன் உணவெல்லாம் குழாய் நீர்தான் என்பதை எண்ணினால் ஆபத்து யாருக்கு மிகுதி என்பது விளங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நம் நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராகச் சொல்லி வந்தார்கள்; தாய்மாரும் அதனைக் கைக்கொண்டார்கள். கிருமிக்கு அது நல்ல மருந்து. ஈயத்துக்கோ அது எதிர்மருந்தன்று. கொதித்தால் நீர் ஆவியாகும். ஈயம் பாத்திரத்திலேயே இருக்கும். ஒரு போத்தல் நீர் அரைப் போத்தலாக வற்றினால் நஞ்சின் செறிவு இரட்டிப்பாகும். பென்ரன் ஹாபரிலும் பிளின்றிலும் நல்லெண்ணத்தோடு நீரைக் காய்ச்சிய தாய்மார் பலர் இருந்தனர்.

ஈயக் குழாயுள்ள வீட்டினர் செய்யத்தக்கவை சில உண்டு. இரவு முழுவதும் குழாயில் தங்கிய நீரிலே ஈயம் மிகுதி. ஆகவே காலையில் முதல் நீரைச் சமையலுக்கு எடாமல், குளித்தோ துணி தோய்த்தோ செடிக்கு விட்டோ சில நிமிடங்கள் ஓடவிட்டபின் எடுத்தல் நன்று. தோலின் வழியாக ஈயம் குறிப்பிடத்தக்க அளவு உட்புகுவதில்லை, குளிக்கலாம். வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்கு நீர் எடுத்தல் ஆகாது. வெந்நீர் ஈயத்தைக் கூடுதலாகக் கரைக்கும். குழாய்வாயில் திருகியிருக்கும் சிறு சல்லடையிலே ஈயத் துணுக்குகள் சிக்கிக்கொள்வதால், அதனை இடையிடையே கழற்றிக் கழுவ வேண்டும். ஈயத்தை அகற்றுமென்று சோதித்துச் சான்று பெற்ற வடிகட்டிகள் கடைகளில் உண்டு. அவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் சான்றில்லாத வடிகட்டி சுவையை மாற்றுமேயன்றி ஈயத்தை மாற்றாது. உள்ளே இருக்கும் பொருளை உரிய காலத்திற் புதுப்பிக்காவிட்டால் சான்றுள்ளதும் பயன்படாது. வாடகை வீட்டிலே மூன்று பிள்ளைகளோடு காலம் தள்ளும் ஒரு தாய், இந்தக் காலக்கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டிருப்பாள் என்று எதிர்பார்ப்பது அதிகாரிகளுக்கு எளிது.

இவையெல்லாம் இடைக்காலப் பரிகாரங்களே. குழாயை எடுத்தெறிதல் ஒன்றே முடிந்த முடிபு. அங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். பல ஊர்களிலே கிளைக்குழாயின் முற்பாதி நகரசபைக்கும், வேலிக்கு உட்பட்ட பிற்பாதி வீட்டுக்காரனுக்கும் உரியது. நகரசபை தன் பாதியை மாற்றும். மறுபாதிக்கு நீ பணம் கட்டு என்று சொல்லும். கட்ட முடியாதவன் வீட்டில் அரைக் குழாய் செம்பாகவும் அரைக் குழாய் ஈயமாகவும் நிற்கும். இது முழு ஈயத்தைவிடக் கேடாய் முடிதல் உண்டு. வெட்டும் அதிர்விலே உள்ளிருந்த பழைய படை உதிர்ந்து நீரிற் கலக்கின்றது. அதன்மேலும், செம்பும் ஈயமும் நீரின் நடுவே தொடும்போது மின்கலம் ஒன்று உண்டானதுபோல ஈயம் விரைந்து அரிபடுகின்றது. வேலி மனிதன் போட்டது. நீருக்கு அது தெரியாது.

இந்தச் சிக்கலை ஊர்கள் வெவ்வேறு வகையாக அவிழ்த்தன. விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரத்தார், பொசுபேற்றைக் கலந்தால் தங்கள் ஏரிகளிற் பாசி பெருகுமென்று அஞ்சி, மருந்தே வேண்டாம் குழாயை எடுப்போம் என்று துணிந்தார்கள். 2001 ஆம் ஆண்டிலே தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 8,000 குழாய்களை மாற்றினார்கள். வீட்டுக்காரர் செலவிற் பாதியை, 1,000 டொலர் வரை, நகரசபை திருப்பிக் கொடுத்தது. நியூவாக் நகரத்திலே 2019 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறூரில் இருந்தாலும், மறுமொழி தராவிட்டாலும், குடியிருப்பவர் இணங்கினால் நகரசபை குழாயை மாற்றலாம் என்றது அது. வாடகைக் குடிகள் மிகுந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாண்டுக்குள் 23,000 அளவிலான குழாய்கள் மாறின. 2024 ஆம் ஆண்டு ஒற்றோபரிலே மத்திய சுற்றாடல் நிறுவனம், பெரும்பாலான ஊர்கள் பத்தாண்டுக்குள் ஈயக் கிளைக்குழாய்களை அகற்றவேண்டும் என்றும், 15 என்னும் எல்லை 10 ஆகக் குறையும் என்றும் ஒரு விதி செய்தது.

கிளைக்குழாய் போய்விட்டால் வீட்டினுள்ளே ஒன்றும் எஞ்சாதா என்று கேட்பீர்கள். எஞ்சும். செப்புக் குழாய்களைப் பொருத்தப் பயன்பட்ட பழைய பற்றாசிலே பாதி ஈயம் இருந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அமெரிக்காவிலே தடுத்தது. நாகம் பூசிய இரும்புக் குழாய் ஈயக் குழாய்க்குப் பின்னால் நெடுங்காலம் கிடந்திருந்தால், அதன் துருவுக்குள் ஈயம் ஊறிப்போயிருக்கும்; முன்னிருந்த ஈயக் குழாயை எடுத்த பின்னரும் அது சிறிது சிறிதாகக் கக்கிக்கொண்டிருக்கும். பித்தளைக் குழாய்வாயிலும் ஈயம் உண்டு. வார்ப்பதற்கும் கடைவதற்கும் எளிதாகும் பொருட்டுச் சேர்ப்பது. நூற்றுக்கு 8 பங்கு ஈயமுள்ள பித்தளையைக்கூட ஈயமற்றது என்று சொல்லி விற்க அமெரிக்கச் சட்டம் முன்னர் இடங்கொடுத்தது. 2014 இலிருந்து நீர்படும் பாகங்களில் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் ஆகாது. ஈயக் குழாய் இல்லாத நாட்டினரும் பித்தளைக் குழாய்வாய் வாங்கும்போது இதனை நினைத்தல் தகும்.

பழைய வீட்டினுட் குழாய் எவ்வுலோகம் என்று அறிய இரசாயனப் பரிசோதனை வேண்டியதில்லை. நீர்மானிக்கு அண்மையிலே, சுவரைத் துளைத்துக்கொண்டு குழாய் வெளிப்படும் இடத்தைத் தேடுங்கள். ஒரு நாணயத்தின் விளிம்பால், அல்லது வீட்டுத் திறப்பால், மெல்லச் சுரண்டிப் பாருங்கள். செம்பானால் புதுச் சதக்காசின் நிறம் தெரியும். பிளாஸ்ரிக்கானால் உலோக ஒளியே இராது. சாம்பல் நிறமாயிருந்தால் ஒரு காந்தத்தை அருகே கொண்டுசெல்லுங்கள்; ஒட்டினால் அது நாகம் பூசிய இரும்பு. காந்தம் ஒட்டாமல், சுரண்டிய இடம் வெள்ளிபோலப் பளபளத்து, உலோகமும் நகத்துக்கு இளகுவதுபோல மென்மையாயிருந்தால் அது ஈயம். பென்ரன் ஹாபரிலே இந்தச் சுரண்டலைச் செய்துபார்த்துத் தம் வீட்டுக் குழாய் இன்னதென்று வீட்டுக்காரரே அறியமுடிந்தது. சுரண்டியபின் கையைக் கழுவிக்கொள்ள மறக்கவேண்டாம்.